நாய் ஹார்னஸ் கொக்கி, ரிங், பக்கிள் பத்தி கேட்டிருந்தீங்க, பதில் சொல்றேன்

வணக்கம். தலவாக்கலை டவுன்ல பேக், சப்பாத்து, தோல் சாமான் தையல் வேலை பாக்குறேன், அதுக்கு முன்னாடி நுவரெலியா ரேஸ் கோர்ஸ் பக்கம் குதிரைங்களுக்கு சேணம் லகான் ரிப்பேர் பண்ணிட்டு இருந்தேன். வீட்ல எப்பவும் நாய் உண்டு. ஹார்னஸ்னா நாயோட நெஞ்சையும் முதுகையும் சுத்தி மாட்டுற பட்டி, அது பத்தி வந்த கேள்விங்கள ஒவ்வொண்ணா எடுத்துக்குறேன்.

ஹட்டன்லருந்து ஒரு தம்பி: அண்ணே, ஜெர்மன் ஷெப்பர்ட் வச்சிருக்கேன். ஹார்னஸ் வாங்கி ஆறு மாசம் தான் ஆகுது, பாக்க புதுசு மாதிரியே இருக்கு. இதையும் தினமும் செக் பண்ணணுமா?

பண்ணணும் தம்பி. பாக்க புதுசா இருக்குறது துணி, நாய புடிச்சிட்டு இருக்குறது இரும்பு. எனக்கு நடந்தத சொல்றேன். செயின்ட் கிளேயார் வளைவுல காலைல மிஸ்டுக்குள்ள நடந்துட்டு இருக்கேன், கீழ ஒரு நாய் குலைச்சதும் நம்ம ஆளு பாஞ்சான், பாத்தா கயிறு என் கையில, கயித்துல கொக்கி, கொக்கியில ரிங்கும் அப்படியே தொங்குது, நாய மட்டும் காணோம். பஸ் டிரைவர் பிரேக் அடிச்சதால தப்பிச்சான், அன்னைக்கு வந்த நடுக்கம் இன்னும் போகல. அப்புறம் ரிங்க எடுத்து பாத்தா அது வெல்ட் பண்ணி பத்த வச்ச ரிங்கே இல்ல, கம்பிய வளைச்சு ரெண்டு முனையையும் முட்ட வச்சது, இழுக்க இழுக்க நகம் நுழையுற அளவுக்கு வாய் திறந்திருக்கு, அது வழியா பட்டி நழுவிடுச்சு. அந்த ஜொயின்ட் எப்பவும் பட்டிக்குள்ள மறைஞ்சு தான் இருக்கும், அதனால மேலாப்புல பாத்தா தெரியவே தெரியாது. கட்ட விரலால ரிங்க பட்டிக்குள்ளயே ஒரு சுத்து சுத்துங்க, ஜொயின்ட் வெளிய வரும், அதுல நகத்த ஓட்டி பாருங்க. நகம் தட்டி நின்னா அந்த ரிங் வேணாம். அப்படியே கொக்கி உக்கார்ற உள்வளைவையும் தடவி பாருங்க, இரும்பும் இரும்பும் தேஞ்சு அங்க பள்ளம் விழுந்திருக்கும்.

பண்டாரவளைலருந்து ஒரு தங்கச்சி: கடைல எல்லாத்தையும் ஸ்டீல்னு தான் சொல்றாங்க. எப்படி கண்டுபிடிக்கிறது?

ஒரு காந்தம் கொண்டு போங்கம்மா. பழைய ஸ்பீக்கர்ல கழட்டுனது போதும். பளபளன்னு இருந்து காந்தம் நல்லா ஒட்டுனா அது பெரும்பாலும் முலாம் பூசுன இரும்பு, பலம் இருக்கும், ஆனா முலாம் உரிஞ்ச எடத்துல நம்ம மழைக்கு கறல் புடிக்கும். ஒட்டலன்னா பித்தளையா இருக்கலாம், நல்ல ஸ்டெயின்லெஸ்ஸா இருக்கலாம், இல்லாட்டி நாக (ஸிங்க்) கலவைய அச்சுல ஊத்துனதா இருக்கலாம். இந்த கடைசி தான் எனக்கு பயம். ஓரத்துல மெல்லிசா ஒரு அச்சு கோடு ஓடும், நாள்பட்டா செவப்பு கறலுக்கு பதிலா வெள்ள மாவு மாதிரி பூக்கும். இரும்பு வளைஞ்சு கொஞ்சமாவது காட்டிக்கொடுக்கும், இது சொல்லாம கொள்ளாம பொட்டுன்னு ஒடையும். பெரிய நாய்க்கு இத நான் போடவே மாட்டேன்.

மஸ்கெலியாலருந்து: கொக்கி ஒழுங்கா மூட மாட்டேங்குது, தேங்கா எண்ணெய் விட்டேன், ரெண்டு நாள் நல்லா இருந்துச்சு, இப்போ முன்னைவிட மோசம்.

நம்ம ஊர் குளிருக்கு தேங்கா எண்ணெய் போத்தல்லயே கட்டியாயிடுது, கொக்கி ஸ்பிரிங்குக்குள்ள மட்டும் எப்படி இளகி இருக்கும்? காலைல நீங்க கெளம்புற நேரம் பாத்து உறைஞ்சு நிக்கும், மண்ணையும் சேத்து புடிச்சு வச்சுக்கும். வெதுவெதுப்பான தண்ணில சோப் போட்டு பழைய பிரஷ்ஷால தேயுங்க, ஒரு இருபது தடவ திறந்து மூடுங்க, நல்லா காஞ்சப்புறம் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. செக் பண்றப்ப டக்குன்னு விடாதீங்க, வேகத்துல எந்த கொக்கியும் மூடும். விரல மெதுவா எடுங்க, அப்பவும் தானா முழுசா மூடணும். பாதியில நின்னா மாத்திருங்க, 'இன்னைக்கு ஒரு நாள்' வேணாம்.

நுவரெலியாலருந்து ஒரு அக்கா: பிளாஸ்டிக் பக்கிள் நம்பலாமா? மழைல நனைஞ்சா அடுப்புக்கு மேல தான் காய போடுறேன்.

பக்கிள் நல்லதா இருந்தா நம்பலாம்க்கா, அடுப்ப மட்டும் நிப்பாட்டுங்க. நைலோன் சூட்டுக்கு விறைச்சு பலம் போயிடும், உருகணும்னு இல்ல. காத்தாடுற எடத்துல நிழல்ல தொங்க விடுங்க. பக்கிள்ல ரெண்டு பக்க காலையும் கொஞ்சம் வளைச்சு பாருங்க, அடியில வெள்ள கீறு தெரிஞ்சா வெடிப்பு ஆரம்பிச்சிருச்சு. போடுறப்ப ரெண்டு காலும் உள்ள போய் மாட்டணும், ஒரு பக்கம் மட்டும் மாட்டியிருந்தாலும் சத்தம் கேக்கத்தான் செய்யும், அதனால சத்தத்த நம்பாம ரெண்டு கையாலயும் இழுத்து பாருங்க. நாய் முடி சிக்கியிருந்தாலும் மாட்டாது.

கண்டிலருந்து: சாவிக்கொத்துல வர்ற கராபினர் (ஸ்பிரிங் வாய் வச்ச வளையம்) போடலாமா?

வேணாம். அது சாவிக்கு செஞ்சது.

ஹப்புத்தளைலருந்து ஒரு ஐயா: எங்க குட்டி பின்னால இழுத்து ஹார்னஸ்லருந்தே கழண்டு ஓடிருது. தீபாவளி வெடி சத்தத்துக்கு போன தடவ ராத்திரி பூரா தேடுனோம்.

ஐயா, அந்த ராத்திரி எப்படி இருந்திருக்கும்னு தெரியும், தேயிலைக்குள்ள சிறுத்தை நடமாடுற ஊரு நம்மளது. இது பட்டி நழுவுற பிரச்சினை. அளவு மாத்துற அந்த சின்ன கட்டை இருக்கே, அதுல பல்லு தேஞ்சா இல்ல பட்டி வழவழன்னு ஆனா நடக்க நடக்க லூஸ் ஆகும், நனைஞ்சா இன்னும் சீக்கிரம். சரியான அளவுல பேனாவால பட்டில ஒரு கோடு போடுங்க, அப்பறம் கோடு நகந்திருக்கான்னு மட்டும் பாத்தா போதும். பட்டிக்கும் ஒடம்புக்கும் நடுவுல ரெண்டு விரல் நுழையணும், மூணாவது நுழையக்கூடாது. கழுத்துப்பட்டிக்கும் ஹார்னஸ் ரிங்குக்கும் நடுவுல ஒரு சின்ன வார் மாட்டிருங்க, ஒண்ணு போனாலும் இன்னொண்ணு புடிக்கும். வெடி போடுற நாள்ல இருட்டுறதுக்கு முன்னாடியே நடத்திட்டு வந்துருங்க.

பொகவந்தலாவலருந்து: தையல் விட்டுப்போச்சு, சப்பாத்து தைக்கிறவர்கிட்ட குடுக்கலாமா?

தாராளமா. ஆனா நைலோன் நூல் போட சொல்லுங்க, பருத்தி நூல் நம்ம மழைக்கு உக்கிரும். சதுரமா தைச்சு நடுவுல குறுக்கும் மறுக்குமா ரெண்டு கோடு வரணும். ரிங் பக்கத்துல பட்டியே பஞ்சு மாதிரி பிரிஞ்சிருந்தா தைச்சு பிரயோசனம் இல்ல, புதுசு வாங்குங்க. வாங்கிட்டு ஒரு முனைய கால்ல மிதிச்சுக்கிட்டு கொக்கிய புடிச்சு முழு பலத்தோட இழுத்து பாத்துட்டு தான் நாய்க்கு மாட்டணும். நடந்துட்டு வந்ததும் பட்டிக்கு கீழ, அக்குள் பக்கம் அட்டை ஏறியிருக்கான்னும் பாத்துருங்க.