வளர்ச்சிக் காரணி கூடினால் மயலின் கூடுமா?

வணக்கம் சேர்,

பண்டாரவளைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். நரம்புக்கல இழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறையைச் செய்யும் கலங்கள் பற்றிய உங்கள் கட்டுரையை வகுப்பில் வாசித்தோம். பிடிஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி, மூளையிலும் முண்ணாணிலும் அந்த உறையைச் செய்யும் ஒலிகோடென்ட்ரோசைற்றுகளாக (சுருக்கமாக ஒலிகோ) முதிரப்போகும் முன்னோடிக் கலங்களைப் பெருக்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் அதைக் கூட்டினால் மயலினும் கூட வேண்டும்தானே என்று ஒரு பிள்ளை கேட்டாள். இன்னொன்று: என்னிடம் படித்த மாணவி ஒருத்தி பல்கலைக்கழக இறுதியாண்டில் எலிக்குட்டி மூளையிலிருந்து இந்த முன்னோடிகளை வளர்க்கிறாள். கலங்கள் பல நட்சத்திர வடிவத்துக்குப் போய்விடுகின்றனவாம். எதனால்?

– ச., பண்டாரவளை

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்தப் பிள்ளை கேட்டதைச் சுண்டெலியில் செய்தே பார்த்திருக்கிறார்கள். நரம்புக்கலங்கள் பிடிஜிஎஃப்-ஏயை (அந்தக் காரணியின் ஒரு வகை) மிஞ்சிச் சுரக்கும்படி மாற்றியபோது முண்ணாணில் முன்னோடிகள் தாறுமாறாகப் பெருகின. ஆனால் முதிர்ந்த ஒலிகோக்களின் தொகை கடைசியில் வழமையான அளவிலேயே வந்து நின்றது. உபரியாக வந்தவை இறந்துபோயின. மாற்றம் எதுவும் செய்யாத எலியின் பார்வை நரம்பிலும் புதிய ஒலிகோக்களில் ஏறக்குறையப் பாதி இறப்பதை நரம்பியல் ஆய்வாளர்கள் பென் பாரஸ், மார்ட்டின் ராஃப் குழுவினர் 1992இல் காட்டினார்கள். வெளிமுளையை, அதாவது நரம்புக்கலத்தின் நீண்ட இழையை, பற்றிக்கொண்டதுதான் பிழைக்கும். எத்தனை முன்னோடி பிறந்தாலும், சுற்றுவதற்கு எவ்வளவு வெளிமுளை இருக்கிறதோ அவ்வளவுக்கே இடம். மறுபக்கம், பிடிஜிஎஃப்-ஏ மரபணுவை நீக்கினால் முன்னோடிகள் போதாமல் மயலின் குறைந்து, குட்டிகளுக்கு நடுக்கம் வருகிறது.

பிடிஜிஎஃப் பெருக்கும், முதிர்விக்காது. அது கிடைத்துக்கொண்டிருந்தால் பார்வை நரம்பு முன்னோடி எட்டுத் தடவை அளவுக்குப் பிரிந்துவிட்டு நின்று முதிர்கிறது. இல்லாவிட்டால் உடனே முதிர்ந்துவிடும், தொகை போதாது. கூடவே எஃப்ஜிஎஃப்-2 என்ற இன்னொரு வளர்ச்சிக் காரணி இருந்தால் முதிராமல் பிரிந்துகொண்டே இருக்கும். உங்கள் பிள்ளைகளுக்குத் தேயிலை நாற்றுத் தவறணை தெரியும்: நிழலை முந்தி எடுத்தால் கன்று கருகும், கடைசிவரை எடுக்காவிட்டால் மலையில் நட்டபின் தாங்காது. பாடநூல்கள் காரணியைக் கொடுப்பதை மட்டும் சொல்லி, எடுப்பதை விட்டுவிடுகின்றன என்பது என் குறை.

'பிரிந்தது போதும்' என்ற செய்தியைக் கொண்டுவருவது பெரும்பாலும் தைரொயிட் ஓமோன். ஆய்வுகூடத்தில் அது இல்லாத ஊடகத்தில் முன்னோடிகள் பிடிஜிஎஃப்பை வைத்துக்கொண்டு நிற்காமல் பிரிகின்றன. பிறவியிலேயே தைரொயிட் குறைந்த குழந்தைக்கு மயலின் தாமதிப்பதற்கு இது ஒரு காரணம். முதல் இரண்டு வாரத்துக்குள் தைரொக்சின் குளிசை தொடங்க வேண்டும் என்று வைத்தியர்கள் அவசரப்படுவதும் இதனால்தான். இதை நம் பக்கத்து வகுப்பில் கட்டாயம் சொல்லுங்கள். அயடீன் குறைவால் வரும் கண்டக்கழலை அதிகமாக இருந்த நாடு இது. 1995இல்தான் உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டமானது. கல்லுப்பைக் கழுவிப் பாவிக்கும் வீட்டில் அந்த அயடீன் தண்ணீரோடு போய்விடும். உப்பை மூடிவைத்து, கறி இறக்கும் நேரம் போட்டால் போதும்.

மூளைக்கும் முண்ணாணுக்கும் வெளியே கதை வேறு. அங்கே மயலின் செய்யும் சுவான் கலம் ஒரு வெளிமுளையின் ஒரு துண்டை மட்டும் சுற்றும். ஒலிகோவோ பல வெளிமுளைகளில் பல துண்டுகளைச் சுற்றும். சுவான் கலத்துக்கு உத்தரவு வெளிமுளையின் மேற்பரப்பில் உள்ள நியூரெகுலின்-1 என்ற புரதத்தின் மூன்றாம் வகையிலிருந்து வருகிறது. அதைப் பிடிக்கும் வாங்கிகள் சோடியாக வேலை செய்கின்றன: எர்பி-3 நியூரெகுலினைப் பற்றும், ஆனால் செய்தியைக் கலத்துக்குள் கடத்தும் அதன் நொதிப் பகுதியான கைனேசு மிகப் பலவீனம், எர்பி-2 எதையும் பற்றாது, கைனேசு பலமானது. நியூரெகுலின் குறைந்தால் உறை மெலிகிறது, கூடினால் வழமைக்கு மேல் தடிக்கிறது. ஆகவே உங்கள் பிள்ளை சுவான் கலத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் 'ஓம், தடிப்புக் கூடும்' என்றே சொல்லியிருப்பேன். மூளைக்குள் நியூரெகுலின் இல்லாமலும் மயலின் உருவாகிறது. அங்கே தடிப்பை எஃப்ஜிஎஃப் வாங்கிகளும் ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியும் கூட்டுகின்றன. முன்னோடியை முதிரவிடாத அதே எஃப்ஜிஎஃப், முதிர்ந்த கலத்தில் உறையைத் தடிக்கச் செய்கிறது.

மாணவியின் நட்சத்திரங்களுக்கு வருவோம். முதல் சந்தேகம் சீரம். குலுக்கிப் பிரித்த முன்னோடிகளை 10 சதவீதக் கன்றுச் சீரத்தில் விட்டால் அவை ஒலிகோ ஆகாமல் நட்சத்திர வடிவத் துணைக்கலமான அஸ்ட்ரோசைற்றின் இரண்டாம் வகையாகின்றன. ராஃப் குழு 1983இலேயே கண்டது இது. சீரம், மூளைக் கலங்கள் எல்லாம் கலந்து வளரும் தொடக்கக் காலத்துக்கு மட்டும். ஏழு முதல் பத்து நாளில் முதலில் ஒரு மணி நேரம் குலுக்கி மைக்ரோக்ளியாவை (மூளையின் நோயெதிர்ப்புக் கலங்கள்) ஊற்றிவிட்டு, பிறகு இரவு முழுக்கக் குலுக்கி முன்னோடிகளை எடுக்க வேண்டும். அவற்றைப் பூச்சில்லாத தட்டில் அரை மணி நேரம் வைத்தால் மிஞ்சிய மைக்ரோக்ளியாவும் அஸ்ட்ரோசைற்றுகளும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாததை மட்டும் பொலிலைசின் பூசிய தட்டுக்கு மாற்றலாம். பொலிலைசினை நன்றாகக் கழுவாவிட்டால் கலம் சாகும்.

இங்கிருந்து சீரமில்லாத ஊடகம், பிடிஜிஎஃப்-ஏஏ, எஃப்ஜிஎஃப்-2 தலா மில்லிலீற்றருக்கு 10 நானோகிராம். எஃப்ஜிஎஃப் 37 பாகையில் சீக்கிரம் பலமிழப்பதால் தினமும் புதிதாகச் சேர்க்க வேண்டும். செறிவாகச் சேமித்து வைக்கும் காரணிக் கரைசலில் 0.1 சதவீத அல்புமின் கலக்காவிட்டால் காரணி குப்பிச் சுவரிலேயே ஒட்டிவிடும். உறையவைத்துக் கரைத்துத் திரும்ப உறையவைக்கவும் கூடாது. முதிர்விக்க இரண்டு காரணிகளையும் எடுத்துவிட்டு தைரொயிட் ஓமோனான ரி3 மில்லிலீற்றருக்கு 40 நானோகிராம்.

அப்படியும் நட்சத்திரம் வந்தால் ஏ2பி5 (முன்னோடிகளின் அடையாளம்), ஜிஎஃப்ஏபி (அஸ்ட்ரோசைற்றின் அடையாளப் புரதம்) இரண்டுக்கும் சாயமேற்றச் சொல்லுங்கள். இரண்டும் இருந்தால் முன்னோடிகள்தான் வழிமாறியிருக்கின்றன, சீரம் எங்கே மிஞ்சியது என்று தேட வேண்டும். ஜிஎஃப்ஏபி மட்டும் என்றால் அடித்தளத்து அஸ்ட்ரோசைற்றுகள் கலந்து வந்திருக்கின்றன. குலுக்கும் வேகத்தைக் குறைத்து, அந்த அரை மணி நேரப் படியை இன்னொரு முறை செய்யட்டும்.