ஆறு பேர் கொண்ட நிறுவனம்: சென்னையில் தனி அலுவலகமா, கோவொர்க்கிங்கா?

ஆறு பேருக்கு இடம் வேண்டும், ஓராண்டில் ஆள் கூடலாம் என்கிறீர்கள். அப்படியென்றால் இப்போதைக்கு கோவொர்க்கிங்தான், அதாவது பல நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் தயார் அலுவலகம்தான், என் பரிந்துரை.

தனி இடத்தின் மாத வாடகை குறைவாகத் தெரியும். ஆனால் அட்வான்ஸ், மேசை நாற்காலி, ஏசி, வயரிங், தடுப்புச் சுவர் என்று முதல் மாதமே பெருந்தொகை போய்விடும். காலி செய்யும்போது தடுப்புச் சுவரையும் வயரிங்கையும் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. இதைத்தான் பலரும் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் கரண்ட் பில், பராமரிப்பு, துப்புரவு, இணையம் எல்லாம் தனி.

அட்வான்ஸ் பற்றி ஒன்று. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி அது மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. உரிமையாளரும் நீங்களும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் மட்டும் விதிவிலக்கு. அதனால் பத்து மாதம் கேட்டால் தயங்காமல் பேரம் பேசுங்கள்.

கோவொர்க்கிங் கட்டணத்தில் 18% ஜிஎஸ்டி சேரும். நீங்கள் ஜிஎஸ்டி பதிவு பெற்றவர் என்றால் அதைப் பெரும்பாலும் உள்ளீட்டு வரியாக, நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியிலிருந்து கழித்துக்கொள்ளலாம். இல்லையென்றால் முழுதும் செலவுதான். ஜிஎஸ்டி பதிவுக்கு அந்த முகவரியைத் தருவார்களா, கூட்ட அறை மாதம் எத்தனை மணி நேரம் இலவசம், எத்தனை நாள் முன்னறிவிப்பில் வெளியேறலாம் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

நாள் முழுக்க வாடிக்கையாளரோடு போனில் பேசும் வேலையா? சரி, அப்போது பொது மேசை வேண்டாம், அங்கேயே கதவுள்ள தனி அறை கேளுங்கள். ஆள் எண்ணிக்கை இருபதைத் தாண்டி, மூன்று ஆண்டுகள் ஒரே இடத்தில் இருப்போம் என்று உறுதியானால் தனி அலுவலகத்தை வாடகைக்கு எடுப்பதைப் பாருங்கள்.