கடைக்காரருக்கு யார் பென்ஷன் தருவார்?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கும் வாசகர் கேட்கிறார்: "வயது 30. பி.எஃப். எதுவும் கிடையாது. செலவு போக மாதம் மூவாயிரம் நிற்கிறது. நகையாக வாங்கி வை என்கிறார் அம்மா. நாற்பதுக்கு மேல் பார்த்துக்கலாம் என்கிறார் மாமா. வயதான காலத்துக்கு எப்போது, எதில் சேர்ப்பது?"

மாமா கணக்கையே முதலில் போட்டுப் பார்ப்போம். மத்திய அரசின் அடல் பென்ஷன் திட்டத்தில் 60 வயதிலிருந்து மாதம் 5,000 ரூபாய் வேண்டுமென்றால், 30 வயதில் சேருகிறவர் மாதம் 577 ரூபாய் கட்டுகிறார், 40ல் சேருகிறவர் 1,454. மொத்தமாகக் கூட்டினால் முன்னவருக்கு 2.08 லட்சம், பின்னவருக்கு 3.49 லட்சம், வருவது இருவருக்கும் அதே ஐயாயிரம்தான். நாற்பதைத் தாண்டினால் சேரவே முடியாது. வருமான வரி கட்டுகிறவர்களும் சேர முடியாது, கவனம்.

ஆகவே அந்த 577ஐ இப்போதே தொடங்குங்கள். மிச்சம் 2,400ஐ இரண்டு வருடம் மழைக்கென்று ஒதுக்குங்கள். தானே புயல் அடித்த 2011ஐயும் 2015 வெள்ளத்தையும் பார்த்த ஊர் இது, கடைக்குள் தண்ணீர் ஏறினால் வாடகைக்கும் வீட்டுச் செலவுக்கும் கை வைக்க ஒரு பணம் வேண்டும், இல்லாவிட்டால் கிழவயதுக்குப் போட்டதைத்தான் அடுத்த ஐப்பசியில் உடைப்பீர்கள்.

அப்புறம்? ஐயாயிரம் போதாது. விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால், 30 வருடம் கழித்து அது இன்றைய 870 ரூபாய்க்குச் சமம். அதனால் 32 வயதில் தபால் நிலையத்தில் பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கு தொடங்கி மாதம் 2,000 போடுங்கள், 15 வருடம் முடிந்ததும் ஐந்தைந்து வருடமாக நீட்டித்துக்கொண்டே போகலாம். இப்போதுள்ள 7.1 சதவீத வட்டி அப்படியே தொடர்ந்தால் 62ல் ஏறத்தாழ 24 லட்சம். அதையே 42ல் தொடங்கினால் 10 லட்சம் சொச்சம்தான். மாதாமாதம் ஐந்தாம் தேதிக்குள் போட்டுவிடுங்கள், தாண்டினால் அந்தத் தவணைக்கு அந்த மாத வட்டி போச்சு.

நகையைப் போட்டுக்கொள்ள வாங்குங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் செய்கூலி, சேதாரம் திரும்பி வராது. அதோடு, கடை வைத்திருப்பவர் வீட்டு நகை 30 வருடம் அடகுக் கடைக்குப் போகாமல் இருந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

கல்யாணமாகிவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. ஆகியிருந்தால் அடல் படிவத்தில் மனைவி பெயரை மறக்காமல் எழுதுங்கள், உங்களுக்குப் பிறகு அதே பென்ஷன் அவருக்கு வரும்.