நிறம் போகும், உப்பு போகாது

கேள்வி: இரண்டு உலோகங்கள் கலந்த உலோக-கரிமச் சட்டகங்கள் சாயக் கழிவுநீரைத் தூய்மையாக்கும் என்று படித்தேன். ஓர் உலோகம் போதாதா? எங்கள் ஊருக்கு இது தீர்வாகுமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகளால் பிணைத்து, உள்ளே எண்ணற்ற நுண்துளைகள் அமையும்படி உருவாக்கப்படும் படிகங்களே இச்சட்டகங்கள். இவற்றை வளர்த்தெடுத்த சுசுமு கிட்டகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஒமர் யாகி ஆகியோருக்கு 2025ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஓர் உலோகம் ஏன் போதவில்லை என்பதை அறிய, 1894இல் ஹென்றி ஃபென்டன் வெளியிட்ட வினையிலிருந்து தொடங்க வேண்டும். இரு நேர்மின்னூட்டம் கொண்ட இரும்பு, ஹைட்ரஜன் பெராக்சைடைப் பிளந்து ஹைட்ராக்சில் என்னும் தனி உறுப்பை (இணையில்லா எலக்ட்ரானுடன், எதையும் விரைந்து தாக்கும் துகளை) உண்டாக்குகிறது. சாயத்துக்கு நிறம் தரும் அசோ பிணைப்பை (இரு நைட்ரஜன் அணுக்களுக்கிடையிலான பிணைப்பை) உடைக்கும் வலிமை அதற்கு உண்டு. ஆனால் இந்த வினையில் இரும்பு ஓர் எலக்ட்ரானை இழந்து மூன்று மின்னூட்ட நிலைக்குச் சென்றுவிடுகிறது. அங்கிருந்து பெராக்சைடின் உதவியால் அது பழைய நிலைக்குத் திரும்புவது, முதல் வினையைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெதுவாகவே நடக்கிறது. எனவே இரும்பு உப்பை மேலும் மேலும் சேர்க்க வேண்டியுள்ளது; நீரையும் பி.எச். 3 அளவுக்கு அமிலமாக்க வேண்டியுள்ளது. முடிவில் இரும்புக் கசடு குவிகிறது.

இந்த இடத்தில்தான் சட்டகத்துக்குள் இரும்போடு சேர்க்கப்படும் இரண்டாவது உலோகம் உதவுகிறது. எலக்ட்ரானை ஈர்க்கும் போக்கைக் காட்டும் நியம மின்னழுத்தம், இரும்பின் இரண்டு, மூன்று மின்னூட்ட நிலைகளுக்கிடையே 0.77 வோல்ட்; தாமிரத்தின் ஒன்று, இரண்டு மின்னூட்ட நிலைகளுக்கிடையே அது 0.16 வோல்ட் மட்டுமே. ஆகவே அருகில் அமர்ந்திருக்கும் தாமிரம் இரும்புக்கு எலக்ட்ரானைத் தந்து, அதை மீண்டும் வேலைக்குத் திருப்ப முடிகிறது. கோபால்ட்டைச் சேர்த்தால், பெராக்சிமோனோசல்பேட் என்ற உப்பிலிருந்து சல்பேட் தனி உறுப்புகள் விரைவாகக் கிடைக்கும். எனினும் நச்சுத்தன்மையுள்ள கோபால்ட் சட்டகத்திலிருந்து கசிந்து நீரில் கலக்கும் அபாயம் உள்ளதால், வேகம் சற்றுக் குறைந்தாலும் இரும்பு-தாமிர இணையையே நான் விரும்புவேன்.

இனி, தங்கள் ஊர். பருத்தியில் ரியாக்டிவ் சாயம் (இழையோடு வேதிப்பிணைப்பில் சேரும் சாயம்) ஏறுவதற்குப் பெருமளவு உப்பைச் சேர்க்கிறார்கள். நொய்யல் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணையையும் பாழாக்கியதில் நிறத்தைவிட அந்த உப்புக்கே பெரும்பங்கு உண்டு. 2011இல் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்கு அந்தத் துயரம் முற்றியிருந்தது. இச்சட்டகங்கள் உட்பட எந்த வினையூக்கியும் உப்பைச் சிதைக்காது. மேலும், அதிலுள்ள குளோரைடு ஹைட்ராக்சில் உறுப்புகளை விழுங்கி வினையைத் தளர்த்துவதோடு, சில வேளைகளில் குளோரின் ஏறிய புதிய கரிமச் சேர்மங்களுக்கும் வழிவகுக்கும். ஆய்வகங்களில் பெரும்பாலும் தூய நீரில் ஒரே சாயத்தைக் கரைத்துத்தான் சோதிக்கிறார்கள் என்பதை மறக்கலாகாது.

ஆகவே இது, உப்பைப் பிரித்தெடுக்கும் ஆர்.ஓ. சவ்வுகளுக்கும் ஆவியாக்கும் கலன்களுக்கும் மாற்றாகாது. அவற்றுக்கு முன்னே கரிமச் சுமையைக் குறைக்கும் படியாகலாம். அதற்கும், பட்டறையின் சொந்தக் கழிவுநீரிலேயே பலமுறை ஓட்டிப் பார்த்து, நிறத்தோடு மொத்தக் கரிமக் கார்பன் (நீரில் எஞ்சியுள்ள கரிமப் பொருள்களின் அளவு) எவ்வளவு குறைந்தது, வெளிவரும் நீரில் எவ்வளவு உலோகம் கரைந்துள்ளது என்ற இரண்டு அளவீடுகளையும் கேட்டுப் பெறுங்கள்.