திங்கட்கிழமை அழைப்பை அழாமல் எடுங்கள்

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. ஆக்லாந்தில் வளர்ந்தவன். கூடப் படித்த டோங்கா பையன்களோடு பழகி மார்மன் என்கிற கிறிஸ்தவச் சபையில் சேர்ந்துவிட்டான். நாங்கள் கோயிலுக்குப் போகிற சைவக் குடும்பம். இப்போது இரண்டு வருட மதப் பிரசார ஊழியம் என்று பசிபிக் தீவு நாடான டோங்காவில் வவாவு தீவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். திங்கட்கிழமை மட்டும்தான் போனில் வருகிறான், பக்கத்தில் எப்போதும் இன்னொரு பையன் உட்கார்ந்திருக்கிறான். எனக்கு அழுகை வந்துவிடுகிறது, அவனும் சீக்கிரம் வைத்துவிடுகிறான். அங்கே என்னதான் செய்கிறான்? சாப்பிடுகிறானா? நானே போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடட்டுமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஆக்லாந்து

பதில்:

அன்புள்ள சகோதரி,

டிக்கெட் எடுக்காதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு.

நான் அதே வவாவுவில் மூன்று வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். என் வீட்டுக்கும் இந்த ஊழியப் பையன்கள் தங்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு ஈரப்பலா மரம் மட்டும்தான். அந்தச் சபையில் நான் சேரவில்லை, சேர வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளைக் காலையும் மாலையும் பார்த்திருக்கிறேன், காய்ச்சலில் கிடந்தவனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்திருக்கிறேன், அதனால் உங்களுக்கு இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

பொதுவாக அவர்களுடைய நாள் காலை ஆறரைக்குத் தொடங்கும். கொஞ்சம் உடற்பயிற்சி, குளியல், அப்புறம் வேதம் படிப்பு, மொழிப் படிப்பு, அதை முடித்துவிட்டு வெளியே கிளம்பினால் இரவு ஒன்பது மணி வாக்கில்தான் வீடு, பத்தரைக்கு விளக்கு அணைந்துவிடும். வெளியே என்றால் வீடு வீடாகப் பேசுவது மட்டும் இல்லை. ஒரு கிழவருடைய தோட்டத்தில் வள்ளி, சேம்பு வகைக் கிழங்குகளுக்குக் குழி தோண்டுவதும், ஒரு வீட்டுக் கூரைத் தகரத்தை ஆணி அடித்துக் கொடுப்பதும் அதில் சேர்த்தி. டோங்காவில் மக்கள்தொகையில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இந்தச் சபைதான், 1891-லேயே முதல் ஊழியர்கள் போய் இறங்கிய நாடு அது. ஆகவே உங்கள் மகன் அங்கே யாரும் அறியாத அந்நியன் இல்லை. அந்தக் கழுத்துப் பட்டையையும் கறுப்புப் பெயர் அட்டையையும் பார்த்தாலே தெருவில் போகிறவர்கள் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள்.

பக்கத்தில் இருக்கும் பையனைப் பற்றி. அவன் உங்கள் பிள்ளையை வேவு பார்க்கிறவன் இல்லை. உலகம் முழுக்க அவர்களுக்கு ஒரே விதி, இரண்டு இரண்டு பேராகத்தான் இருக்க வேண்டும், குளியலறை தவிர எங்கேயும் தனியாகப் போகக் கூடாது. அந்த ஜோடியும் நிரந்தரம் இல்லை, சில மாதத்தில் மாறிவிடும். உண்மையைச் சொன்னால் எனக்கு இந்த விதி முழுசாகப் பிடித்ததில்லை. 19 வயதுப் பிள்ளைக்கு ஒரு மணி நேரமாவது தனியாக உட்கார்ந்து யோசிக்க இடம் வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் நள்ளிரவில் ஒருவனுக்கு வாந்தி வந்தபோது இன்னொருவன்தான் சைக்கிளில் ஓடிப் போய் ஆள் கூட்டி வந்தான், அதையும் பார்த்தேன்.

சாப்பாடு. பட்டினி கிடக்க மாட்டான், அந்தப் பயமே வேண்டாம். சபைக் குடும்பங்கள் முறை வைத்துச் சாப்பாடு போடும், கூடுதலாகத்தான் போடும். சைவம்தான் சிக்கல். விருந்து என்றால் பன்றி, டின் மாட்டிறைச்சி, பச்சை மீன், வேண்டாம் என்று ஒதுக்கினால் வீட்டுக்காரர் முகம் வாடிவிடும். ஆனால் அதே பாயில் என்னென்ன இருக்கும் தெரியுமா? மரவள்ளி, சக்கரவள்ளி, சேம்பு, ஈரப்பலா, எல்லாம் மண்ணைத் தோண்டிச் சூடான கல்லுக்கு நடுவில் வைத்து அவித்தது. அதற்கு ‘உமு’ என்று பெயர். ‘லூ’ என்று ஒன்று செய்வார்கள், சேப்பங்கீரையில் தேங்காய்ப்பாலும் வெங்காயமும் வைத்துப் பொட்டலமாக மடித்து அதே உமுவில் வேகவைப்பது. வழக்கமாக உள்ளே இறைச்சி வைப்பார்கள். முன்கூட்டியே சொன்னால் இறைச்சி இல்லாமல் தனியாக ஒரு பொட்டலம் கட்டித் தருவார்கள், எனக்கு மூன்று வருடமும் அப்படித்தான் நடந்தது. இலையில் வைத்த பிறகு மறுப்பதுதான் அவமரியாதை, முந்தின நாளே சொல்வது இல்லை. இந்த ஒரு வித்தியாசத்தை அவனுக்குச் சொல்லிக்கொடுங்கள். அவன் இறைச்சி சாப்பிடத் தொடங்கியிருந்தாலும் போனில் அதை விசாரணை ஆக்காதீர்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு அவர்களுக்கு உபவாசம், இரண்டு வேளை சாப்பாடும் தண்ணீரும் கிடையாது, அந்த வேளைக்கு ஆகிற பணத்தை இல்லாதவர்களுக்குக் கொடுப்பார்கள். கார்த்திகை, ஏகாதசி என்று விரதம் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இது புதுசா என்ன? ஞாயிறன்று அந்த நாட்டில் அநேகமாகக் கடையே திறக்காது, 1875-இல் எழுதிய அரசியல் சட்டத்திலேயே அன்று தொழில் செய்யக் கூடாது என்று இருக்கிறது. மணியோசையும் பாட்டும் உமுப் புகையும் தவிர வேறு எதுவும் இருக்காது.

அவனுக்கு உண்மையில் கஷ்டம் எதில் என்றால், மொழியில். நாம் ‘ங’ என்ற எழுத்தைப் பள்ளியில் எழுதிப் பழகியதோடு சரி, அங்கே சொல்லே அந்த எழுத்தில் தொடங்கும். ‘ஙாவே’ என்றால் வேலை. அப்புறம் தொண்டையில் சட்டென்று ஒரு நிறுத்தம் வரும், அது தவறினால் அர்த்தமே மாறிப் போகும். ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஆறடி உயரப் பையன் ஒருவன் உட்கார்ந்துகொண்டு, மரியாதை என்பதற்கான ‘ஃபக’அப’அப’ என்ற சொல்லை ஐந்து வயதுச் சிறுமியிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான், அவள் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டி இல்லை என்றாள், அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. இரண்டு மாதம் கழித்து அதே பையன், இடுப்பில் வேட்டி மாதிரி ‘துபெனு’வும் அதன்மேல் தாழை ஓலைப் பாயும் கட்டிக்கொண்டு, ஒரு சாவு வீட்டில் நின்று ஆறுதல் வார்த்தை சொன்னான். அந்தப் பாயை அவனுக்குக் கட்டிவிட்டது ஊரில் ஒரு பாட்டி. உங்கள் மகன் இப்போது முதல் கட்டத்தில் இருக்கிறான் என்று கடிதத்திலிருந்தே தெரிகிறது. அந்த நேரத்தில் அம்மா அழுகிற சத்தம் கேட்டால் பிள்ளை என்ன செய்வான், வைத்துவிடத்தான் செய்வான்.

2019-க்கு முன்னால் வருடத்துக்கு இரண்டே தடவைதான் வீட்டுக்குப் பேச முடியும், கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும். இப்போது வாரா வாரம் கிடைக்கிறது, அதை வீணாக்காதீர்கள் அம்மா. ஒரு வாரம் அழைப்பு வரவில்லை என்றாலும் கலங்காதீர்கள். 2022 ஜனவரியில் எரிமலை வெடித்துக் கடலடிக் கேபிள் அறுந்தபோது தலைத்தீவுக்கே ஐந்து வாரம் ஆயிற்று இணைப்பு திரும்ப, வெளித்தீவுகள் அதைவிட வெகுநாள் காத்திருந்தன.

போய்க் கூட்டி வருவதைப் பற்றி. ஊழியக் காலத்தில் குடும்பத்தார் வந்து பார்ப்பதை அந்தச் சபை விரும்புவதில்லை, நீங்கள் போய் நின்றால் அவனுக்குத்தான் தலைகுனிவு. ஆனால் அவனைக் கட்டிப் போட்டும் வைக்கவில்லை. வர வேண்டும் என்று அவன் முடிவெடுத்தால் வரலாம், பாதியில் திரும்பிய பிள்ளைகளை எனக்குத் தெரியும், அவர்களை வதைத்தது சபையைவிட ஊர் என்ன சொல்லும் என்ற பயம்தான். அதனால் ஒரே ஒரு தடவை, நிதானமாக, ‘எப்போது வந்தாலும் உன் அறை அப்படியே இருக்கிறது, நான் எதுவும் கேட்க மாட்டேன்’ என்று சொல்லுங்கள். அதோடு விட்டுவிடுங்கள். வாரா வாரம் சொன்னால் அது அழைப்பு இல்லை, நச்சரிப்பு.

உடம்பைப் பற்றி மட்டும் கண்டிப்பாகக் கேளுங்கள். கொசுக்கடியைச் சொறிந்தால் அந்த ஈரக் காற்றில் இரண்டே நாளில் சீழ் வைத்துவிடும், மருந்து போட்டு மூடச் சொல்லுங்கள். மழைத் தொட்டித் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது. டெங்கு உண்டு. தெருநாய் துரத்தினால் ஓட வேண்டாம், குனிந்து கல் எடுக்கிற மாதிரி செய்தாலே போதும், நம் ஊர் நாய்க்குத் தெரிந்த பாஷை அந்த ஊர் நாய்க்கும் தெரியும்.

இன்னொன்று. திங்கட்கிழமைதான் அவர்களுக்குத் துணி துவைக்கிற நாள். பக்கத்து வீட்டுப் பையன்கள் வாளியைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்து, வெள்ளைச் சட்டைக் காலரில் ஏறிய செம்மண்ணைக் கட்டிச் சோப்பால் தேய்த்துத் தேய்த்து விரல் தோல் உரிந்து போகும். அடுத்த வாரம் அதிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். கறை போகிறதா என்று கேளுங்கள், போகவில்லை என்றால் எலுமிச்சையைத் தேய்த்து அரைமணி நேரம் வெயிலில் போட்டுவிட்டு அலசச் சொல்லுங்கள்.