திரும்பி வந்த குப்பைப் பை – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

கணவரின் வேலைக்காக டோக்கியோ நிஷி-கசாய்க்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. போன வாரம் நான் போட்ட குப்பைப் பையை லாரி எடுக்கவில்லை. மேலே ஒரு ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியிருந்தது. சாயங்காலம் கீழ்வீட்டுப் பாட்டி அதை என் வாசலில் வைத்து, குனிந்து வணங்கி, ஏதோ சொல்லிவிட்டுப் போனார். உள்ளே கிடந்த கடித உறையைப் பார்த்துத்தான் வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார். என் குப்பையைக் கிளறியிருக்கிறாரே என்று அன்று முழுக்க அழுதேன். ரயிலிலும் என் பக்கத்து இருக்கை காலியாகவே வருகிறது. எவ்வளவுதான் நாம் மாறுவது?

எஸ்.

அன்புள்ள எஸ்,

மொழி தெரியாத ஊரில் நம் வீட்டுக் குப்பையை அடுத்தவர் பார்த்தால் யாருக்கும் உடம்பு கூசத்தான் செய்யும். ஆனாலும் பாட்டியை நீங்கள் தவறாக எடுத்துக்கொண்டீர்கள் என்றே எனக்குப் படுகிறது.

அந்த ஸ்டிக்கர் லாரிக்காரர்கள் ஒட்டுவது. எரிக்கும் குப்பையோடு பாட்டிலோ டப்பாவோ கலந்திருக்கும், அல்லது நாள் மாறியிருக்கும். எடுக்காத பை அங்கேயே கிடந்தால் காக்கை கிழித்துவிடும். டோக்கியோ காக்கை நம்மூர்க் காக்கையைவிடப் பெரியது. குப்பைமேல் வலை விரிப்பதே அதற்காகத்தான். பல தெருக்களில் வலையை மடித்து வைப்பதும் இடத்தைப் பெருக்குவதும் குடியிருப்பவர்களின் முறை. அந்த வாரம் பாட்டியின் முறையாக இருந்திருக்கலாம். அந்த வயதில் பையைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்திருக்கிறார்.

முதல் வருடம் நான் பால் அட்டைப்பெட்டியை நசுக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் எதிர்வீட்டுத் தாத்தா கத்தரிக்கோலோடு வாசலில் வந்து நின்றார். ஒரு பெட்டியை வாங்கிக் கழுவினார், ஓரமாக வெட்டினார், அடிப்பாகத்தைப் பிரித்தார், தட்டையாக விரித்து வெயிலில் சாய்த்து வைத்தார். பிறகு இரண்டாவது பெட்டியையும் கத்தரிக்கோலையும் என் கையில் கொடுத்துவிட்டு, நான் வெட்டி முடிக்கும்வரை நின்றார். அன்றைக்கு எனக்கு வந்ததும் கோபம்தான். அவர் போய் நாலு வருடம் ஆகிறது. இன்றும் பெட்டியை வெட்டும்போதெல்லாம் அவருடைய மெலிந்த விரல்கள்தான் கண்ணில் நிற்கின்றன.

எவ்வளவு மாறுவது என்று கேட்கிறீர்கள். குப்பை விஷயத்தில் முழுக்க மாறுங்கள். வார்டு அலுவலகத்தில் ஆங்கிலக் கையேடு கிடைக்கும், சமையலறையில் ஒட்டிவிடுங்கள். காலை எட்டு மணிக்குள் பை வெளியே இருக்க வேண்டும். பெட் பாட்டில் எனப்படும் பிளாஸ்டிக் பாட்டிலின் மூடியையும் லேபிளையும் கழற்றி, அலசிப் போடுங்கள்.

ரயில் இருக்கை வேறு. அதில் நீங்கள் மாற்றிக்கொள்ள ஒன்றுமே இல்லை. எனக்கு இன்றும் வலிக்கிறது. 2017இல் ஜப்பான் நீதி அமைச்சகம் வெளியிட்ட ஆய்வில், வீடு தேடிய வெளிநாட்டவரில் சுமார் 40 சதவீதம் பேர், வெளிநாட்டவர் என்பதற்காகவே தங்களுக்கு வீடு மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். இதைக் கலாசாரம் என்று நாம் விழுங்க வேண்டியதில்லை. ஆனால் பாட்டியை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இங்கே புதிதாகக் குடிவருபவர்கள் ஒரு துண்டோ இனிப்புப் பெட்டியோ எடுத்துக்கொண்டு பக்கத்து வீடுகளுக்கும் மேல்வீடு, கீழ்வீடுகளுக்கும் போய் வணக்கம் சொல்வது வழக்கம். நீங்கள் போயிருக்க மாட்டீர்கள். யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். ஐந்து மாதம் ஆனாலும் பரவாயில்லை, இந்த ஞாயிற்றுக்கிழமை போங்கள். ஐநூறு, ஆயிரம் யென்னில் ஒரு சின்ன இனிப்புப் பெட்டி போதும். “கொமி நோ தஷிகத்தா ஓ ஒஷியெத்தெ குதசாய்” என்று கேளுங்கள். குப்பை எப்படிப் போடுவதென்று சொல்லிக் கொடுங்கள் என்று அர்த்தம். அப்புறம் என்ன நடந்ததென்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா