மூன்று ஆப் இருந்தும் பணம் போகவில்லையே, ஏன்?

கேள்வி: 2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை. மாமியாருக்கு மருந்து வாங்கப் போனேன். பில் ரூ.2,340. யுபிஐ ஆப்பில் ஸ்கேன் செய்தேன். என் கணக்கில் பணம் கழிந்துவிட்டது, கடைக்காரருக்கோ வரவில்லை. போனில் இன்னும் இரண்டு ஆப் இருந்தன. அவற்றிலும் போகவில்லை. கடைசியில் பக்கத்துக் கடை அக்காவிடம் கைமாற்று வாங்கிக் கொடுத்தேன். கழிந்த பணம் 20ஆம் தேதிதான் திரும்பியது. தாமதம் ஏன் என்று வங்கியில் கேட்டால், "அதான் வந்துடுச்சே" என்கிறார்கள். நாடே நம்பியிருக்கும் ஓர் அமைப்பு இப்படி நின்றுபோகுமா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: முதலில் உங்கள் பணத்தைப் பேசிவிடுவோம். வங்கி உங்களுக்கு ரூ.300 தர வேண்டும். கணக்கில் பணம் கழிந்து கடைக்குப் போய்ச் சேராவிட்டால், கழிந்த நாளை விட்டு 5 நாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019ஆம் ஆண்டு உத்தரவு. அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு. உங்களுக்கு 17ஆம் தேதி கெடு, வந்தது 20ஆம் தேதி. நீங்கள் புகார் கொடுக்கும் வரை காத்திராமல் வங்கியே தந்திருக்க வேண்டிய தொகை இது. எழுத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, மறுத்தாலோ, ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது. 300 ரூபாய்தானே என்று விட்டுவிடாதீர்கள். அன்று யுபிஐ நின்றுபோய் நாடு முழுவதும் இப்படித் தவித்தவர்கள் ஏராளம்.

சரி, ஏன் நின்றது? நீங்கள் ஸ்கேன் செய்ததும் கோரிக்கை உங்கள் ஆப்பிலிருந்து, அந்த ஆப்புக்குத் துணை நிற்கும் வங்கிக்குப் போகிறது. அங்கிருந்து தேசியப் பணப்பட்டுவாடா கழகத்தின் மையக் கணினிக்கு. அது உங்கள் வங்கியிடம் சொல்லிப் பணத்தைக் கழித்து, கடைக்காரரின் வங்கியில் சேர்க்கச் சொல்கிறது. இத்தனை கை மாறுவதில் ஒரு கை தாமதித்தாலும் பணம் நடுவழியில் நின்றுவிடும். அன்று நடந்தது இன்னும் சிறிய விஷயம். பதில் வராத பரிவர்த்தனைகளைப் பற்றி, "அது என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்று சில வங்கிகளின் கணினிகள் மையத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டன. விசாரிக்கும் கூட்டத்திலேயே வாசல் அடைபட்டுவிட்டது. திருட்டும் இல்லை, எந்த வங்கியும் திவாலாகவில்லை. முதல் விசாரிப்புக்கு 90 விநாடி பொறுக்க வேண்டும், 2 மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் விசாரிக்கக் கூடாது என்று கழகம் கெடுபிடி செய்ய வேண்டியதாயிற்று.

உங்கள் மூன்று ஆப்பும் ஒரே வங்கிக் கணக்கில்தானே இணைந்திருக்கின்றன? பலரும் ஏமாறுவது இதில்தான். வாசல் மூன்று என்றாலும் தெரு ஒன்றுதான், போய்ச் சேர்வதும் அதே மையக் கணினிக்குத்தான். 2020 மார்ச் 5 அன்று யெஸ் வங்கிக்கு ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்து, ரூ.50,000க்கு மேல் எடுக்கத் தடை போட்டது. அந்த வங்கியில் கணக்கே இல்லாத கோடிக்கணக்கானோருக்கும் அன்றிரவு போன்பே நின்றுபோனது. அந்த ஆப் அப்போது யெஸ் வங்கியின் துணையோடு ஓடிக்கொண்டிருந்தது. வேறு வங்கியோடு சேர்ந்து மீண்டு வர ஏறக்குறைய ஒரு நாளாயிற்று. நாம் யாரை நம்பியிருக்கிறோம் என்பதே நமக்குத் தெரியாமல் இருந்தது. எனக்கு இன்றும் கவலை தருவது அதுதான்.

அதனால் இன்னோர் ஆப் வேண்டாம். வேறொரு வங்கியில் சிறு கணக்கும் அதன் டெபிட் கார்டும் இருக்கட்டும். மருந்துக்கும் இரண்டு நாள் சாப்பாட்டுக்கும் ஆகும் ரொக்கம் வீட்டில் இருக்கட்டும், அதில் 100, 50 ரூபாய்த் தாள்களும் வேண்டும். அப்புறம், பணம் போகாதபோது அவசரப்பட்டு மறுபடி மறுபடி அழுத்தாதீர்கள். கணக்கில் கழிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: அப்பாவின் ஓய்வுக்காலப் பணம் 9 லட்சம். ஒரே கூட்டுறவு வங்கியின் இரண்டு கிளைகளில் நாலரை, நாலரை லட்சமாகப் போட்டிருக்கிறார். வங்கி மூழ்கினால் கிடைக்கும் காப்பீடு 5 லட்சம் என்பதால் முழுவதும் பத்திரம் என்கிறார். சரியா? (வாசகர், ஈரோடு)

பதில்: சரியில்லை. காப்பீட்டு வரம்பு ஒரு வங்கிக்குத்தான், ஒவ்வொரு கிளைக்கும் அல்ல. அதே வங்கியில் அப்பா பெயரில் உள்ள எல்லாக் கணக்கும், வட்டி உட்பட, ஒன்றாகக் கூட்டப்படும். அதில் 5 லட்சம் வரைதான் காப்பீடு. மீதி 4 லட்சத்துக்குப் பாதுகாப்பு இல்லை. கிளை மாற்றுவதற்குப் பதில் வங்கியை மாற்றுங்கள். அப்பா, அம்மா கூட்டுக் கணக்கு தனியாகக் கணக்கிடப்படும், அதுவும் ஒரு வழி.

இன்னொன்றையும் பாருங்கள். அது வங்கிதானா, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கமா? ஊரில் எல்லாவற்றையும் "சொசைட்டி பேங்க்" என்றுதான் சொல்கிறோம். சங்கத்தில் போட்ட பணத்துக்கு இந்தக் காப்பீடே கிடையாது.

2019 செப்டம்பரில் மும்பையின் பிஎம்சி கூட்டுறவு வங்கி முடக்கப்பட்டபோது, ஆறு மாதத்துக்கு மொத்தமே ரூ.1,000 எடுக்கலாம் என்றுதான் முதலில் அறிவித்தார்கள். அந்த வரம்பு பிறகு படிப்படியாக உயர்ந்தது. ஆனாலும் ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தன் பணத்தையே கெஞ்சிக் கேட்க வேண்டிய நிலை முதியவர்களுக்கு வந்தது. இப்போது, 2021இல் வந்த சட்டத் திருத்தத்தால், இப்படி முடங்கும் வங்கியிலிருந்து காப்பீட்டுத் தொகை 90 நாளுக்குள் கிடைத்துவிட வேண்டும். அந்த 90 நாளை அப்பா எதை வைத்து ஓட்டுவார் என்று இன்றே அவரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

கேள்வி: யுபிஐ லைட் வைத்துக்கொண்டால் சர்வர் கோளாறிலிருந்து தப்பலாமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: பாதி தப்பலாம். அதில் ரூ.5,000 வரை முன்கூட்டியே ஏற்றிவைத்து, ஒரு முறைக்கு ரூ.1,000 வரை பின் நம்பர் இல்லாமல் செலுத்தலாம். செலுத்தும் நேரத்தில் உங்கள் வங்கியின் முதன்மைக் கணினியைத் தொடாது. அதனால் உங்கள் வங்கி சர்வர் படுத்துவிட்டாலும் டீக்கடையில் பணம் போகும். ஏப்ரல் 12 போல மையமே திணறினால் லைட்டை நம்ப முடியாது. அன்றைக்குச் சட்டைப்பையில் இருக்கும் ரொக்கம்தான்.